மச்சாள் கண்டுபிடித்த அலர்ஜி

பெனிசிலின் என் மகனுக்கு ஒத்துவராது என்று தீர்ப்புச் சொன்னவர் என் கணவரின் அக்கா. பாங்கில் அடகுப் பிரிவில் நகை உரைத்துப் பார்ப்பவர். பிள்ளைகளின் உடம்பை உரைத்துப் பார்க்கும் தகுதியும் அதோடு சேர்ந்து வந்துவிட்டதென்ற எண்ணம் மச்சாளுக்கு.

அவனுக்கு அப்போது இரண்டு வயது. காய்ச்சலுக்குப் பெனிசிலின் வகை அன்டிபயோட்டிக் பாணி மருந்து கொடுத்துச் சில நாளில் முதுகிலும் வயிற்றிலும் சிவப்பாகப் பொரிந்தது. சொறியக்கூட இல்லை, தன்பாட்டுக்கு விளையாடினான். மச்சாள்தான் அலறியடித்து ஓட்டோ பிடித்து, தனக்குத் தெரிந்த டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்த டொக்டர் பிள்ளையின் சட்டையைத் தூக்கியும் பார்க்கவில்லை. மச்சாள் சொல்லச் சொல்ல, கிளினிக் கொப்பியில் 'பெனிசிலின் அலர்ஜி' என்று எழுதிக் கோடும் போட்டார். படித்த மனுசன்!

பிறகு எந்த வருத்தத்துக்கும் அவனுக்கு வேறு மருந்து. ஒவ்வொருமுறையும் வயிற்றால் போகும். மச்சாளின் கதையோ கொழுத்துக்கொண்டே வந்தது. ஒரு கலியாண வீட்டில் அவர் சொன்ன கதையில் பிள்ளையின் முகம் வீங்கியது. சாம்பல்தீவில் ஒரு சாமத்தியச் சடங்கு வீட்டில் சொன்னபோது பிள்ளை நீலம் பாரித்து, மச்சாளின் மடியில் உயிர் திரும்பினான். பக்கத்துக் கதிரையில் நான் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கதையில் தாய் என்று ஒருத்தியே கிடையாது.

போன வருசம் அவனுக்குத் தொண்டையில் சீழ் கட்டி, ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கான டொக்டரிடம் காட்டினோம். இளம் பெண். "மருந்து குடிச்சு எவ்வளவு நேரத்தில பொரிஞ்சது? உதடு வீங்கினதா? மூச்சு இழுத்ததா?" என்று கேட்டார்.

"ஓம் டொக்டர், எல்லாம் வந்தது. நான் மட்டும் இல்லாட்டி..." மச்சாள் முந்திக்கொண்டார்.

"நான் அம்மாட்டக் கேட்டனான்."

மச்சாள் கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார். உள்ளதைச் சொன்னேன்.

"காய்ச்சலோட வாற வைரஸாலயும் இப்படிப் பொரியும். இது அலர்ஜி எண்டு கதையை மட்டும் கேட்டுச் சொல்ல ஏலாது. சுகமானதும் கூட்டிக்கொண்டு வாங்கோ, எங்கட கண் முன்னால குடுத்துப் பாப்பம்."

போனோம். முதலில் துளியளவு கொடுத்துக் காத்திருந்தார்கள். பிறகு மிச்சம். அவனுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பசிக்குது என்றான். அவ்வளவுதான். வீட்டில் தொடர்ந்து கொடுத்த நாட்களிலும் ஒரு பொட்டுக்கூடப் பொரியவில்லை. டொக்டர் கொப்பியில் இருந்ததை வெட்டிவிட்டார்.

மச்சாளுக்குச் சொன்னேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றதில் அவருக்கு அப்படியொரு ஏமாற்றம்.

"இப்ப வாற மருந்தில சத்தில்லை. அதான் ஒண்டும் செய்யேல்ல," என்றார்.

இப்போது என் மகளுக்கு இறால் கூடாதாம். சாப்பிட்டதும் மூக்கைச் சொறிந்தாளாம், மச்சாள் கண்டாராம்.