சாமுராயின் குதிகால்

நள்ளிரவில் குழுவில் பதிவு போட்டு உங்கள் போனை அலறவிட்டதற்கு மன்னியுங்கள்.

சாமுராய் வீடியோ கேமின் டெமோவை இன்று இறக்கினேன். முதல் வில்லனிடமே பதினான்கு முறை செத்தேன்.

கணவரோடு பந்தயம். நான் ஜெயித்தால் நாளை பாப்பாவைத் தடுப்பூசிக்கு அவர் தூக்கிப்போக வேண்டும். ஊசியைப் பார்த்தால் பாப்பாவுக்கு முன்பே நான் அழுதுவிடுவேன்.

அவருக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. நான் சாவதைப் பார்த்துச் சொன்னார்: "கத்திய ஏன் பாக்குற? கால பாரு. குதிகாலத் தூக்குனா வெட்டப் போறான்."

பார்த்தேன். ஜெயித்தேன்!

"கண்டுபிடிச்சது நானு. செல்லாது. அடுத்தவன ஜெயி."

அடுத்தவன் குதிரையில் வருகிறான்.

"இவனுக்கு இன்னாங்க பாக்குறது?"

"எங்க கம்பெனில குதிரைக்கு ஷூ தைக்கறதில்ல."

விளையாடியவர்கள் யாராவது சீக்கிரம் பதில் போடுங்கள். காலை ஒன்பதுக்கு ஊசி.