கன்னியம்மா கீறிய ஊர்

பாகூர் ஏரிக்கரையில் அன்று நின்றவர்கள்: பூமி படிக்க வந்த பிரெஞ்சு துரை. அவர் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி. பண்ணையார். அளவுச் சங்கிலியின் ஒரு முனை பிடிக்கும் கோவிந்தன், ஊர்த்தெருக்காரன். பண்ணையாரின் மாட்டுக்கொட்டகையில் வேலை செய்யும் கன்னியம்மா. சங்கிலியின் மறுமுனை பிடிக்கும் நான். நானும் கன்னியம்மாவும் சேரி.

துரை கொண்டுவந்தது புதுப் படிப்பு. நிலத்தை அளந்தால் போதாது, அங்கே இருக்கிறவர்கள் தங்கள் ஊரை எப்படிப் பார்க்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும் என்பார். எனக்குப் புரிந்தது ஒன்றுதான். அவர் போடும் படத்தைப் பார்த்துத்தான் குடிதண்ணீர்க் கிணறு வெட்டுவோம் என்று கொம்யூன் என்கிற ஊராட்சி ஆபீசில் சொல்லியிருந்தார்கள். சேரியில் கிணறு கிடையாது. வாய்க்கால் தண்ணீர் குடித்து என் மகள் வயிற்றுப்போக்கில் கிடந்தாள்.

துரை பண்ணையாரிடம் குச்சியைக் கொடுத்து, மண்ணில் ஊரைக் கீறச் சொன்னார். கோயில், தேர் வீதி, ஏரி, மதகு, வயல். அதோடு குச்சியைப் போட்டார்.

"அவ்ளோதானா?" என்றார் துபாஷி.

"ஊருன்னா அவ்ளோதாம்பா."

சேரியை அவர் கீறவே இல்லை. வாயைத் திறந்தால் என் பெண்டாட்டிக்கு அவர் வயலில் நடவு வேலை இருக்காது.

துரை கன்னியம்மாவைக் கூப்பிட்டார். அவள் முதலில் தன் குடிசையைக் கீறினாள். பிறகு மற்ற குடிசைகள். வாய்க்கால். தேர் வீதியில் கால் வைக்காமல் சுற்றிப் போகும் வரப்பு. கடைசியில் பண்ணையார் வீடு: கொட்டகை, எருக்குழி, புறக்கடைக் கதவு. கோயில் இல்லை.

பண்ணையார் சிரித்தார். "இன்னாடி இது, எம் வூட்டுக்கு வாசலே இல்லியா?"

"நான் பாத்ததில்லீங்க ஆண்டே. பாக்க வுட்டா கீறிடறேன்."

கோவிந்தன் சிரிப்பை அடக்க இருமினான். பண்ணையார் சிரிப்பு நின்றது. துபாஷி தயங்கித் தயங்கி அதைப் பிரெஞ்சில் சொன்னார்.

துரை அவள் கீறிய குடிசைகளைக் காட்டி, அங்கே சங்கிலி போடச் சொன்னார். கோவிந்தன் பண்ணையார் முகத்தைப் பார்த்தான்.

"சேரிக்குள்ளயா? நான் வரல சாமி." தன் முனையைக் கீழே போட்டான்.

சங்கிலி ஒற்றை ஆள் வேலை இல்லை. என் முனையைப் பிடித்தபடி நின்றேன். அளவு நின்றால் படத்தில் நாங்கள் இல்லை.

துரை குனிந்து மறுமுனையை எடுத்தார். "போ" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அது ஒன்றுதான்.

நடந்தேன். பயம் போகவில்லை. பண்ணையார் கரையிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் பெண்டாட்டிக்கு நடவு வேலை போயிற்று. அடுத்த கோடைக்குள் கிணறு வந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எந்தப் படத்தைப் பார்த்தாலும், கீறியவர் எங்கே நின்று கீறினார் என்று கேளுங்கள்.

துரை படத்தில் ஏறிய சேரி வீடுகள்: முப்பத்தேழு.