மூடி வைத்த காப்பி

ஏழு வயதில் நான் எஸ்டேட் ரைட்டர் ஆக ஆசைப்பட்டேன். அம்மா நாளெல்லாம் பறித்த காப்பிப் பழத்தைச் சாயங்காலம் நிறுத்து, எடையை நோட்டில் குறித்துக்கொள்பவர் ரைட்டர். அவர் பேரைக் கூப்பிட்டால்தான் வரிசை நகரும். அந்த நோட்டு என் கைக்கு வர வேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டு வயதில் அதே ஆசை கேவலமாகத் தெரிந்தது. மலையை விட்டு இறங்க வேண்டும் என்று தோன்றியது. இறங்கினேன். சேலத்தில் இன்ஜினியரிங், பெங்களூரில் வேலை. இரண்டே வருஷம், ஒரு திங்கட்கிழமை எங்கள் குழுவையே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் வாழவந்திக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே அடுத்த ஆசை தயாராகிவிட்டது. அப்பா விட்டுப்போன முக்கால் ஏக்கரில் எங்களுக்கும் காப்பிச் செடிகள் உண்டு. அம்மா பழத்தை அப்படியே வாசலில் காயப்போட்டு வியாபாரிக்குக் கொடுப்பாள். நான் வேறு மாதிரி செய்யப் போனேன். தோலை மட்டும் உரித்து, கொட்டையை அதன் பிசுபிசுப்போடு உலர்த்தினால் தேன் வாசம் வரும் என்று வீடியோக்களில் பார்த்திருந்தேன். பெங்களூரில் காப்பி வறுத்து விற்கும் ஒருவர் மாதிரிக்குக் கொஞ்சம் அனுப்பச் சொன்னார். பிடித்தால் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். அன்றே அம்மாவை எஸ்டேட் வேலையிலிருந்து நிற்கச் சொன்னேன். முட்டி வீங்கிப்போய் அந்தச் சரிவில் ஏறியது போதும். அவளும் நின்றாள். என்னை நம்பித்தான் நின்றாள்.

டிசம்பரில் எட்டு நாள் மேகம் எங்கள் கூரையை விட்டு நகரவில்லை. வலைத் தட்டுகளில் பரப்பியிருந்த கொட்டைகளுக்கு மேல் பாலிதீனைக் கூடாரம் போல இழுத்துக் கட்டினேன்.

"மூடாத கண்ணு. வெயிலு இல்லாட்டியும் காத்தாச்சும் படோணும்."

"வீடியோல மூடித்தாம்மா வெக்கறாங்க."

"அந்த ஊர்ல இப்பிடி மேகம் எறங்குதா? பழமா கெடந்தா தோலாச்சும் காப்பாத்தும். அதையும் உரிச்சுப்புட்டே."

நான் கேட்கவில்லை. நான்காம் நாள் பாலிதீனைத் தூக்கினேன். உள்பக்கமெல்லாம் வேர்த்திருந்தது. கொட்டைகளின் மேல் வெள்ளையாகப் பஞ்சு போலப் பூத்திருந்தது. ஒவ்வொரு கொட்டையாகத் துணியால் துடைத்தேன். பெங்களூரில் வாங்கிய ஹேர் டிரையரை வைத்து மணிக்கணக்கில் ஊதினேன்.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். "காப்பிக்குத் தலை வாரிப் பூ வெக்கலீங்களா?"

கரண்ட் போனதும் தோசைக்கல்லில் போட்டு இளஞ்சூட்டில் காய வைத்தேன். விறகடுப்புப் புகை கண்ணைக் கரித்தது, நான் நிறுத்தவில்லை. இருப்பதில் நல்லதாக நான்கு கை அள்ளி, மிச்சத்தை மறுபடி மூடிக் கட்டிவிட்டு, ஏற்காடு போய்ப் பார்சல் அனுப்பினேன். பத்து நாள் போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. கடைசியில் அந்த ஆளே கூப்பிட்டார். நல்ல மனிதர், வைவதற்குக்கூட வழி வைக்கவில்லை.

"பூஞ்சை வாசமும் புகை வாசமும் அடிக்குதுங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்."

அடுத்த வருஷம். மூலையில் மடித்து வைத்திருந்த, பழம் பறிக்கப் போகையில் கட்டும் கோணிப்பையை அம்மா எடுத்து உதறுவதைப் பார்த்துக்கொண்டே "சரிங்க" என்றேன்.

அந்த நிமிஷத்தில் பெங்களூர், என் பேர் போட்டு விற்க நினைத்த காப்பி பாக்கெட், எல்லாம் உதிர்ந்துவிட்டது. ஒரே ஒரு ஆசைதான் மிச்சம்: அம்மா மறுபடி அந்தச் சரிவில் ஏறக் கூடாது. மறுநாள் காலை அவளுக்கு முன்னால் ஓடிப்போய் எஸ்டேட் ரைட்டர் முன் நின்றேன். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்த பையன் அவன்.

"ஏனுங்க்கா, நீங்க எங்கீங்க இங்க?"

"பழம் பறிக்க ஆள் வேணுமாமே. என் பேரை எழுதிக்க."

"ஒரு ஆளுக்குத்தானுங்க எடம் இருக்குது."

"அதான் சொல்றேன். அம்மா பேரை எழுதாத. என் பேரை எழுது."

அவன் என் கைகளைப் பார்த்தான். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னான்: "தப்பா நெனச்சுக்காதீங்க்கா. இப்ப பழம் நொம்ப முத்திப்போச்சு, வெரசாப் பறிக்கோணும். உங்களுக்கு ஒரு மூட்டைக்கே பொழுது போயிரும். ஆத்தா கை வேறைங்க."

"ரெண்டு நாள்ல பழகிருவேன். மூணு நாள் குடு."

பின்னால் அம்மா வந்து நின்றிருந்தாள். கோணியை இடுப்பில் கட்டியாகிவிட்டது.

"எம்பேரை எழுது சாமி," என்றாள் அவனிடம்.

அவன் எழுதினான். நோட்டின் மேல் என் நிழல் விழுந்திருந்தது. நகர்ந்துகொண்டேன்.

"நான் வர்றேம்மா. கூட நின்னு பறிக்கிறேன்."

"ஊட்டுக்குப் போ கண்ணு. அந்தப் பாலிதீனத் தொறந்து உடு. மிச்சமாச்சும் காயட்டும்."

வலது முட்டியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் ஏறினாள். மூன்றாவது வரிசைச் செடி வரைக்கும் தெரிந்தாள். பிறகு மேகம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கயிறுகளை அவிழ்த்தேன். அந்தப் பூஞ்சை வாசம் முகத்தில் அடித்தது. காய்வதற்கு அங்கே மிச்சம் ஏதும் இல்லை. அது அம்மாவுக்கும் தெரியும். இருந்தாலும் எல்லாத் தட்டுகளையும் திறந்துவிட்டேன். அவள் என்னிடம் செய்யச் சொன்ன வேலை அது ஒன்றுதான்.