ஓட வைத்த மருந்தும் இழுக்க வைத்த மருந்தும்

புகையிலைக் கட்டைப் பிரித்தால் முதலில் மூக்கு எரியும். அப்புறம் கண். அப்புறம்தான் தும்மல்... எண்பதுகளில், திண்டுக்கல்லில் நான் மூட்டை தூக்கிய கிட்டங்கியில் தினமும் காலை அப்படித்தான் தொடங்கும்.

எனக்கும் என்னோடு மூட்டை தூக்கிய என் அக்கா வீட்டுக்காரர் ராசு மச்சானுக்கும் அது தும்மலோடு நிற்கவில்லை. மூச்சிழுப்பு வந்தது. பிறகு நெஞ்சுவலி. இருவருக்கும் ஒரே வருடத்தில்!

வலி இழுப்பினாலா, இருதயத்தினாலா? ஊர் டாக்டருக்குப் பிடிபடவில்லை. முதலாளி மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"இருதயத்துல கோளாறு இல்லைன்னு தெரிஞ்சாத்தான் மூட்டையத் தொடணும். சொமக்கையில விழுந்துட்டா யாருப்பா பதில் சொல்றது?"

மூட்டை இல்லை என்றால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார் டாக்டர். அங்கே ஆளை ஓட விட்டு, இருதயத்தைப் படம் பிடிப்பார்களாம். இழுப்புக்காரன் எங்கே ஓடுவது? அதனால் எங்களுக்கு ஓட்டத்துக்குப் பதில் ஊசி மருந்து. முந்தின நாளிலிருந்தே காப்பி குடிக்கக் கூடாது, இழுப்பு மாத்திரையும் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

ரயில் விழுப்புரத்தில் நின்றபோது விடிந்திருந்தது. மச்சான் இறங்கிப் போய் டீ குடித்தார்.

"என்ன மச்சான், டாக்டர் வேணாம்னாருல்ல?"

"ஏலே மாப்ள, அவரு வேணாம்னது காப்பிய. இது டீ. செத்த நேரம் சும்மா இரு."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் பயத்தில் குடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டதும் மச்சான் பெருமையாகச் சொன்னார்.

"காப்பிய மோந்துகூடப் பாக்கலம்மா. டீ மட்டுந்தான்!"

அந்தம்மா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

டீயும் காப்பியும் ஒன்றுதானாம். உள்ளே இருந்தால் அவர்கள் வழக்கமாகப் போடும் மருந்து வேலை செய்யாதாம். இன்னொரு மருந்து இருந்தது. அது இருதயத்தை ஓட வைக்கும், இழுப்பைக் கிளப்பாது. ஆனால் அப்போதுதான் வந்த மருந்து, கொஞ்சம்தான் இருப்பு. வேறு வழி இல்லாதவர்களுக்கே போடுவார்களாம். டீ குடித்த மச்சானுக்கு அது கிடைத்தது.

சொன்ன பேச்சு கேட்ட எனக்கு வழக்கமான மருந்து. "இன்னைக்கு இழுப்பு லேசாத்தான் இருக்கு. பக்கத்துலயே இருக்கேன், பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா.

மருந்து ஏறிய கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் சூடு. தலைவலி. பிறகு நெஞ்சுக்குள் விசில்... மூச்சு கழுத்தோடு நின்றது. தயாராக வைத்திருந்த மாற்று ஊசியைப் போட்டார்கள். மெல்ல மெல்லக் காற்று உள்ளே போனது. அந்தக் காற்றின் ருசி இன்னும் நினைவிருக்கிறது.

வெளியே பெஞ்சில் மச்சான் முகம் தெளிவாக உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு நெஞ்சு மெரண்ட மாடு மாதிரி ஓடுச்சு மாப்ள. மூச்சு மட்டும் அம்புட்டு சொகம்! ஒனக்கு?"

"என் மருந்துதான் மச்சான் ஒசத்தி. படுத்த படுக்கையிலயே முடிஞ்சது."

"ஆமா, ஆளே முடிஞ்சிருப்ப!"

மறுநாள் முடிவு சொன்னார்கள். என் இருதயம் சுத்தம். எல்லாம் இழுப்பு செய்த வேலை. மச்சானுக்கு ஒரு ரத்தக்குழாய் சுருங்கியிருந்தது. மாத்திரை போடணும், பாரம் தூக்கவே கூடாது.

திரும்பும் ரயில் திருச்சியைத் தாண்டியது. மச்சானே பேச்சை எடுத்தார்.

"ஒம் மருந்து ஒனக்கு இழுப்பக் குடுத்துச்சு. எம் மருந்து எனக்கு உசிரக் குடுத்துருக்கு. இப்பச் சொல்லு, எது ஒசத்தி?"

முதலாளி அவரைத் தராசுப் பக்கம் உட்கார வைத்தார். நான் மூட்டைக்கே போனேன். அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் இருந்தார் மச்சான். எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் இந்தச் சண்டையைத்தான் முதலில் எடுப்பார்.

போன மாதம் எனக்கு மறுபடி அந்தப் படம் எடுத்தார்கள். மதுரையிலேயே. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது வேறு மருந்து. ஒரே அழுத்து, முடிந்தது. விசில் சத்தமே இல்லை.

அங்கிருந்த டாக்டர் தம்பியிடம் பழைய கதையைச் சொன்னேன். அன்று எங்களுக்குப் போட்ட மருந்துகளின் பெயர் இவையாக இருக்கும் என்றார். நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொல்லி, எழுத்துக் கூட்டி நானே எழுதிக்கொண்டேன். எனக்கு டைபிரிடமால். மச்சானுக்கு டோபுடமின். எழுபது வயதுக்கு மேல் எழுதக் கற்றவன் நான்... ஒரு கால், ஒரு புள்ளி விடவில்லை!

மூன்றாவது மருந்தையும் பார்த்துவிட்டேன் மச்சான். மூன்றில் இதுதான் ஒசத்தி.

இல்லை என்று சண்டைக்கு வர நீங்கள்தான் இல்லை.