கிரேன் தூக்கிய பெட்டி

வீட்டில் அவனுக்கு வைத்த பெயர் என்னவோ, கிடங்கில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. கிரேன் என்றால் போதும். பார்சல் வேன் ஓட்ட வந்த புதிதில், நாலு பேர் சுற்றி நின்று நாடியைத் தடவிக்கொண்டிருந்த ஒரு சலவை இயந்திரத்தை ஒற்றை ஆளாகக் கட்டிப்பிடித்துத் தூக்கி வேனுக்குள் வைத்துவிட்டான். எவனோ கிண்டலுக்குச் சொன்ன பெயர் அது. இவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து அந்தப் பெயரைக் காப்பாற்றுவதே அவனுக்கு முழுநேர வேலையாகிவிட்டது. பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது பக்க வேலை.

மனிதர்களை அவன் இரண்டாகத்தான் பிரிப்பான். தூக்குகிறவன், தூக்கத் துப்பில்லாதவன். தள்ளுவண்டி வைத்துப் பெட்டி இறக்குகிறவன், கையுறை போடுகிறவன், இடுப்புக்குப் பட்டை கட்டுகிறவன் எல்லாருமே அவன் கணக்கில் இரண்டாவது ரகம். முதுகு பிடித்துக்கொண்டது என்று எவனாவது சுவரில் சாய்ந்தால், "என்னடா, நிறை மாசமா?" என்பான். கிடங்கே சிரிக்கும். சாய்ந்தவனும் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து அடுத்த பெட்டியைத் தூக்குவான். இப்படி அவன் வாய்க்குப் பயந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ, அந்தப் பாவத்தை யாரும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைத்தது வேறு. கிடங்கின் ஒரு சுவரில் பாதுகாப்பு விதிகள் ஒட்டியிருந்தன. ஓடக்கூடாது. வேனிலிருந்து குதிக்கக்கூடாது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக இறங்க வேண்டும். முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். பாரத்தோடு இடுப்பைத் திருகக்கூடாது. பெரிய கனமென்றால் இன்னொரு ஆளைத் துணைக்கு அழைக்க வேண்டும். எதிர்ச் சுவரில் நேற்று யார் யார் எத்தனை பார்சலைக் கொடுக்காமல் திருப்பிக் கொண்டுவந்தார்கள் என்று பெயரோடு ஒட்டியிருக்கும். ஒரு சுவர் மெதுவாகப் போ என்னும், மறு சுவர் இன்னுமா வரவில்லை என்னும். இரண்டையும் ஒட்டியது ஒரே ஆள்தான், பாதுகாப்பு அதிகாரி. ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் முழங்கால். ஒரு காலி அட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டு அவர் முழங்காலை மடக்கித் தூக்கிக் காட்டும் அழகை மாதாமாதம் எல்லாரும் நின்று பார்க்க வேண்டும். காலிப் பெட்டியைத் தூக்கிவிட்டு வியர்வை துடைத்துக்கொள்கிற ஒரே மனிதர் அவர்.

அடுப்பு போலக் கொதிக்கும் வேனுக்குள் குனிந்து குனிந்து பெட்டி தேடுவது, சிறுநீருக்கு இடம் கிடைக்காமல் தண்ணீரே குடிக்காமல் ஓட்டுவது, லிஃப்ட் இல்லாத மாடிகள், கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே கத்துகிற வீடுகள். இதையெல்லாம் முழங்கால் ஒருநாளும் செய்து காட்டியதில்லை. கிரேன் அவரைக் கண்டாலே வாயைக் கோணுவான். அந்த ஒரு விஷயத்தில் அவனைக் குறை சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

அவன் தோள் போனது ஒரு உடற்பயிற்சிப் பெட்டியால். உள்ளே இரும்பு எடைகள். பார்க்கச் சின்னப் பெட்டி, அசைத்தால் அசையாது. மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. அதே தெருவில் நின்ற இன்னொரு வேன்காரன், "அண்ணே, இருங்க, நானும் ஒரு கை பிடிக்கிறேன்" என்று வந்தான். "உன் கையை நீ பிடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத் தோளில் ஏற்றினான் கிரேன். மாடிப்படி வளைவில் திரும்பும்போது தோளுக்குள் பழைய துணி கிழிகிற மாதிரி ஏதோ கிழிந்தது. அப்படியும் இறக்கி வைக்கவில்லை. கதவைத் திறந்தவன் ஒல்லியாக, காதில் ஏதோ செருகிக்கொண்டு நின்றான்.

"அப்படியே உள் ரூம்ல வெச்சிடுங்க. ரொம்ப வெயிட்டு, என்னால நகர்த்த முடியாது."

"அப்புறம் எதுக்கு வாங்கினீங்க?"

"தூக்கிப் பழகத்தான்."

கிரேன் அதை உள்ளறை வரை கொண்டுபோய் வைத்தான். வலது கை சும்மா தொங்க, ஒற்றைக் கையில் வேனை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை. தொங்குகிற கையைப் பார்த்துக் கண்டுபிடித்தவள் மனைவி. விஷயத்தைக் கிடங்கில் சொன்னவன் அவன் மைத்துனன், மனைவியின் தம்பி.

இந்த மைத்துனனும் ஒரு காலத்தில் வேன் ஓட்டியவன்தான். முதுகெலும்பில் டிஸ்க் விலகி, வலிக்கிறது என்று சொல்லி, வைத்தியம் வாங்கிக்கொண்டு, கிடங்கு வாசலில் வண்டிகளைப் பதிவு செய்கிற நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அதற்காக கிரேன் அவனுக்கு நாற்காலி என்றே பெயர் வைத்து, ஊருக்கு முன்னால், உறவுக்கு முன்னால், சோற்றுத் தட்டுக்கு முன்னால் என்று ஓர் இடம் பாக்கி இல்லாமல் மானத்தை வாங்கியிருந்தான். பையன் அக்கா முகத்தைப் பார்த்துப் பொறுத்துக்கொண்டான்.

கம்பெனி டாக்டர் ஓர் இளம்பெண். படமெடுத்துப் பார்த்துவிட்டு, மனைவியையும் உட்காரவைத்துப் பேசினாள்.

"தசைநார் பாதி கிழிஞ்சிருக்கு. கொஞ்ச நாள் ஓய்வு எடுங்க, அப்புறம் தூக்குற சோதனை வைப்போம். இடுப்பு உயரம், தோள் உயரம், தலைக்கு மேல. வலிச்சா உடனே சொல்லணும். சொன்னா அதோட நிறுத்திடுவோம். ஆபரேஷன் கம்பெனி செலவு, அதுக்கப்புறம் வாசல்ல உட்கார்ற வேலை. ஒண்ணும் சொல்லாம தூக்கிட்டீங்கன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தம். பழையபடி வேன்தான்."

"வேன்ல போய் மறுபடி கிழிஞ்சா?" என்றாள் மனைவி.

"முழுசா கிழிஞ்சா கை மேல வரவே வராதும்மா. அது வீட்டுல எங்கேயோ ஆனதுன்னு கம்பெனி சொல்லிடும்."

ஆக, ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறந்து 'வலிக்குது' என்று சொன்னால் கை பிழைக்கும். பச்சைக் குழந்தை கூடச் சொல்லிவிடும். இந்த மலைமுழுங்கிக்கு அது வரவில்லை.

மனைவி ஒரு தையல் கூடத்தில் சட்டைக்குக் கை வைத்துத் தைப்பவள். வேலை முடிந்து வந்ததும், உடையைக்கூட மாற்றாமல் அவனைப் பழக்க உட்கார்ந்தாள். தண்ணீர்க் குடத்தை முன்னால் வைத்தாள்.

"இதைத் தூக்குங்க. தூக்கும்போது சொல்லுங்க."

தூக்கினான். முகம் சுருங்கியது. "கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு."

"ஒரு மாதிரின்னா என்ன மாதிரி? டாக்டரம்மாவுக்கு அதெல்லாம் புரியாது."

"இழுக்குது."

"இழுக்குதுன்னா?"

"ஒரு பக்கமா பிடிக்குது."

"இருக்கிற வார்த்தை எல்லாத்தையும் சொல்றீங்க, அதை மட்டும் விட்டுட்டு. சொன்னா நாக்கு அழுகிடுமா?"

கடைசியில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, யாரோ வாங்கிய கடனைக் கட்டுகிறவன் மாதிரி அந்த வார்த்தையை முனகினான். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. சோதனைக்குப் போகிற அன்று வாசல் வரை வந்து, "யார் மூஞ்சியையும் பார்க்காதீங்க, டாக்டரை மட்டும் பாருங்க" என்று சொல்லி அனுப்பினாள். அவளுக்குப் புருஷனைத் தெரியும்.

துரதிர்ஷ்டம், முழங்காலுக்கும் அவனைத் தெரியும். டாக்டர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு நடக்க வேண்டிய சோதனை அது. இடம் பத்தாது என்று சொல்லி, பார்சல் ஏற்றுகிற மேடைக்கு அதை மாற்றிவிட்டார் அந்த மனிதர். வேன்கள் கிளம்புகிற நேரமாகப் பார்த்து வைத்தார். ஓட்டுநர்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நம்ம கிரேன் திரும்ப வர்றாரு! கை தட்டுங்கப்பா!"

"இது வேடிக்கை காட்டுற இடமில்ல சார்" என்றாள் டாக்டர்.

"அவரோட கூட்டாளிங்கதானே மேடம். ஒரு உற்சாகமா இருக்கட்டுமே."

உற்சாகமாம். ஆபரேஷன் செலவு மேலிடத்துக்குப் போனால் முதலில் தன் காலரைத்தான் பிடிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். வாழ்க்கையில் ஒரு பார்சலையும் உருப்படியாகத் தூக்காத அந்த ஆளுக்கு, ஒரு முட்டாள் நாலு பேர் முன்னால் என்ன செய்வான் என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்திருந்தது. முழங்காலை மடக்கு, முதுகை மடக்காதே என்று மாதாமாதம் சொன்ன வாய்தான் இப்போது ஒரு மனிதனின் தோளை உடைக்கக் கை தட்டச் சொன்னது.

பெட்டியில் எடைகளை எடுத்து வைக்க வாசலிலிருந்து ஓர் ஆளை வரச் சொல்லியிருந்தார்கள். மைத்துனன் வந்தான். அவனைக் கண்டதும் கிரேனுக்கு மனைவி சொன்னது பாதி மறந்துபோயிற்று.

முதல் தடவை, தரையிலிருந்து இடுப்பு உயரம். முழங்காலை மடக்கி, பெட்டியை உடம்போடு ஒட்டித் தூக்கி வைத்தான். கைதட்டல். மைத்துனன் இன்னொரு எடையை வைத்துவிட்டு, குனிந்த வாக்கில், "மாமா, இப்பவே சொல்லிடுங்க" என்றான். இவன் கேட்காத மாதிரி கையைத் தேய்த்துக்கொண்டான்.

இரண்டாவது, தோள் உயரம். பாதியில் தோளுக்குள் கத்தியை விட்டுத் திருகியது போல இருந்தது. கண் இருட்டியது. பெட்டி அலமாரித் தட்டின் விளிம்பில் ஆடி நின்றது.

"வலிக்குதா?" என்றாள் டாக்டர்.

அவன் வாயைத் திறந்தான். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தான். அந்த நேரம் பார்த்துக் கண் மைத்துனன் பக்கம் போயிற்று. அவன் சிரிக்கவில்லை. பழி தீர்க்கிற பார்வையும் இல்லை. சொல்லுங்க, சொல்லுங்க என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான், கண் கலங்கியிருந்தது. அதைத்தான் இவனால் தாங்க முடியவில்லை. கேலி செய்திருந்தால்கூடச் சொல்லித் தொலைத்திருப்பான். இந்த நாற்காலிப் பயல் எனக்குப் பரிதாபப்படுவதா!

"ஒண்ணும் இல்ல. அடுத்ததை வைங்க."

"உங்க முகம் அப்படிச் சொல்லலையே" என்றாள் டாக்டர். "உண்மையைச் சொல்லுங்க. யாருக்காகவும் பார்க்காதீங்க."

"முகத்தை விடுங்கம்மா, அது பொறந்ததுல இருந்தே இப்படித்தான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒருவன் விசிலடித்தான். அந்த விசில் இவனுக்குத் தலைக்கு ஏறியது. மூன்றாவது தடவை பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கினான். தூக்கியதோடு விட்டானா, அங்கேயே ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு எல்லாரையும் சுற்றிப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் மிச்சமிருந்த பாதியில் எவ்வளவு போயிற்று என்று அவனுக்கு மட்டும் தெரியும். பெட்டியை இறக்கியபோது கைதட்டலில் மேடை அதிர்ந்தது. தகுதி என்று கையெழுத்துப் போட்ட டாக்டர், "நீங்க சொல்றதைத்தான் நான் எழுத முடியும்" என்று சொல்லிவிட்டு, முழங்காலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு அந்த அடுக்குமாடி ரூட்டை நீங்களே எடுத்துக்கோங்கண்ணே. உங்களை விட்டா யாரு?"

கை தட்டியவர்கள் தட்டிய கையோடு அவரவர் வேனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். வேடிக்கை முடிந்தால் எவனுக்கு எவன் தோள்? மேடையில் மைத்துனன் மட்டும் எடைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வாசல்ல உங்களுக்குன்னு இன்னொரு நாற்காலி கொண்டாந்து போட்டிருந்தேன் மாமா."

"நீயே ரெண்டுலயும் உட்காரு" என்றான் கிரேன். வேனுக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காத இடத்தில், தகரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

வீட்டுக்குப் போனபோது மனைவி ஒன்றும் கேட்கவில்லை. தம்பி போனில் சொல்லியிருப்பான். சோற்றைப் போட்டு முன்னால் வைத்துவிட்டு எழுந்து போனாள். திட்டியிருந்தால் இவனும் பதிலுக்கு இரண்டு கத்தியிருப்பான். அவள் அந்த வாய்ப்பையும் கொடுக்கவில்லை.

காலையில் சீருடைச் சட்டையை எடுத்தான். இடது கை உள்ளே போய்விட்டது. வலது கை இடுப்புக்கு மேல் வருவேனா என்றது. தோளைச் சரித்துப் பார்த்தான், சுவரில் சட்டையை அழுத்திப் பிடித்துப் பார்த்தான், பல்லால் இழுத்துப் பார்த்தான். அடுக்குமாடிகள் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தன. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி கடைசியில் கிட்டே வந்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து, நிதானமாகத் தூக்கி, சட்டைக்குள் செலுத்தினாள்.

"அம்மா!"

வீடே அதிரக் கத்திவிட்டான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவள் பிடித்த கையை விடவில்லை. பொத்தானையும் போடவில்லை.

"இதுல பாதி சத்தம் போதும்னுதான் அந்த டாக்டர் பொண்ணு கேட்டுக்கிட்டு நின்னா. அவகிட்ட சிரிச்சுட்டு, எங்கிட்ட அழறீங்களே."

அவள் பொத்தான்களைப் போட்டு முடித்து, வேன் சாவியை அவன் இடது கையில் வைத்தாள்.