காதில் கேட்ட ஆட்டம்

நேற்று மகளின் பனியனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் இப்போது என் பொறுப்பில் இருக்கிற ஒரே வேலை அதுதான். தண்ணீர் தெளித்த துணியில் சூடான பெட்டி பட்டதும் ஒரு ஆவி எழும்பும் பாருங்கள், அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே நான் மாமல்லபுரத்தில் இல்லை. மஸ்கட்டில், ஓட்டல் சலவைக்கூடத்தில், ஒரு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பதினேழு வருடம் அங்கே நின்றேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேஜைத்துணி. பத்தாவது வரை படித்தவனுக்கு அது நல்ல வேலைதான். யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பது எனக்கு இன்னும் வசதி. பஸ் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போனால்கூடக் குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான்.

எனக்கு வெள்ளிக்கிழமை லீவு. இங்கே பிரேக் டான்ஸ் போட்டி நடப்பதோ ஞாயிற்றுக்கிழமை. என் மகள் திவ்யா செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் முதன்முதலாக ஆடியபோது நான் மேஜைத்துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். ஃபோனைப் பார்க்க முடியாது, பார்த்தால் சூப்பர்வைசர் பிடுங்கி வைத்துவிடுவார். கேட்கத்தான் முடியும்.

அதனால் என் மனைவி மல்லிகா ஃபோனை வாயருகில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே வருவாள். மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அந்த ஆட்டத்தைப் பற்றி அவளுக்கும் ஒன்றும் தெரியாது. கண்ணில் பட்டதைத் தனக்குத் தெரிந்த வார்த்தையில் சொல்வாள்.

"யோவ், எறங்கிட்டா. ஒத்தக் கையில நின்னுகினு கீறாய்யா, காலு ரெண்டும் மேல! ஐயோ, வலையில மாட்டுன சுறா மாரி துள்றா. இப்ப முதுவுல படுத்துகினு சுத்தறா. மாவாட்டற குழவி தோத்துச்சு போ!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு தேய்ப்பேன். ஒருமுறை, "தலையில நிக்கறா, இன்னும் நின்னுகினே கீறா" என்று சொல்லி அவள் மூச்சைப் பிடித்தாள். நானும் பிடித்தேன். தலையணை உறையில் இஸ்திரிப்பெட்டியின் முக்கோணம் பழுப்பாக விழுந்துவிட்டது. அன்று சூப்பர்வைசர் திட்டியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

போன வருடம் வேலையை விட்டுவிட்டு வந்தேன். மற்றவர்களிடம் முழங்கால் வலி என்று சொன்னேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, மகள் ஆடும்போது மல்லிகாவின் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்றுதான் வந்தேன்.

வந்த முதல் மாதமே கடற்கரைப் பக்கம் ஒரு போட்டி. டீ கொண்டுவந்தவர் மல்லிகாவிடம், "நண்டு எப்ப எறங்குதுக்கா?" என்று கேட்டார். தரையில் கையூன்றிப் பக்கவாட்டில் ஓடுவதால் என் மகளுக்கு அங்கே நண்டு என்று பெயராம். அவள் பிறந்தபோது பத்து நாள் யோசித்து, திவ்யா என்று வையுங்கள் என்று மஸ்கட்டிலிருந்து சொன்னவன் நான். டீக்காரருக்குத் தெரிந்த பெயர் எனக்குத் தெரியவில்லை. அந்த டீயைக் குடிக்கவே மனம் வரவில்லை.

மல்லிகாவும் மாறியிருந்தாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம், "விண்ட்மில்லுல ஸ்பீடு பத்தல, ஃப்ரீஸ் மட்டும் க்ளீனா கீது" என்றாள். முதுகில் சுற்றுவது விண்ட்மில்லாம், அசையாமல் நிற்பது ஃப்ரீஸாம். குழவியும் சுறாவும் எங்கே போயின என்று தெரியவில்லை.

"இப்ப இன்னா பண்றா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நீதான் பாத்துகினு கீறியே, பாரு," என்றாள், கண்ணைத் திருப்பாமல்.

நியாயம்தான். ஆனாலும் அவள் யார் யாரிடமெல்லாம் பேசினாளோ அவர்கள் அத்தனை பேர் மேலும் எனக்கு வயிறு எரிந்தது.

எதிர்த்து ஆட வந்தது கூடுவாஞ்சேரிப் பெண். திவ்யா ஆடி முடித்ததும் அந்தப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, நாற்றம் தாங்கவில்லை என்பதுபோல் முகத்துக்கு நேரே கையை விசிறினாள். மீன்காரி மகளைப் பார்த்து! எனக்கு என்ன ஆனதோ, எழுந்து, தரையில் ஒட்டியிருந்த வழவழப்பான விரிப்பின் மேல் செருப்போடு நடுவில் போய் நின்றுவிட்டேன்.

"ஏம்மா, யாரப் பாத்து மூக்க மூடற?"

பாட்டு நின்றது. மைக் பிடித்திருந்தவர், "அண்ணாத்த, செருப்பு, செருப்பு! ஆடறதுன்னா கழட்டிட்டு ஆடு!" என்றார். கூட்டமே சிரித்தது.

அந்தப் பெண்தான் பதறிப்போய் ஓடிவந்தாள். "அங்கிள், இது சும்மா ஆட்டத்துக்குப் பண்றது. நண்டு என் ஃபிரெண்டு அங்கிள்." திவ்யா என் பக்கம் திரும்பவே இல்லை.

நாற்காலிக்கு வந்தபோது மல்லிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அவ மூக்க மூடுவா, இவ கொட்டாவி உடுவா. எல்லா போட்டியிலயும் உண்டுய்யா."

"ஃபோன்ல ஒரு நாளும் சொல்லலியே?"

"சொன்னா அங்க தனியா கெடந்து பேஜாராவ. இன்னாத்துக்குன்னு உட்டுட்டேன்."

வீட்டுக்கு வரும் வழியில் ஷேர் ஆட்டோவில் திவ்யா முதல்முறையாக வாயைத் திறந்தாள். "நைனா, நீ ஃபோன்லயே இருந்துருக்கலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கோபம் போய்விட்டது என்று தெரிந்தது. நானும் சிரித்தேன். ஆனால் படுத்த பிறகும் அந்த வார்த்தை என்னோடு படுத்திருந்தது. டீக்காரர் மேலும் மற்றவர்கள் மேலும் நான் பொறாமைப்பட்டது வீண். மஸ்கட்டில் ஒயர் மாட்டிக்கொண்டு நின்றவன் மேல் அல்லவா பொறாமைப்பட்டிருக்க வேண்டும்? அவனுக்காக ஒருத்தி நல்லதாகப் பொறுக்கி, நோகிறதை ஒதுக்கி, ஒரு ஆட்டத்தையே வார்த்தையால் செய்து கொடுத்திருக்கிறாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவனுக்கு அப்படி எதுவும் செய்ய வேண்டியதில்லை.

போன மாதம் திருக்கழுக்குன்றத்தில் போட்டி. திவ்யா இறங்கும் நேரம் மல்லிகாவின் பக்கம் சாய்ந்து, "கண்ண மூடிக்கறேன், முன்ன மாரி ஒரு தரம் சொல்லேன்," என்றேன். கேட்பதற்கே எனக்கு அத்தனை கூச்சம்.

"உனக்கின்னா பைத்தியமாய்யா?" என்றாள். ஆனாலும் காதருகில் குனிந்தாள். "எறங்கிட்டா. ஒத்தக் கையில..." அதற்கு மேல் வரவில்லை. "அட போய்யா, வெக்கமா கீது, எல்லாரும் பாக்கறாங்க," என்று நிமிர்ந்து கைதட்ட ஆரம்பித்துவிட்டாள்.

நான் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை. பாட்டு, விசில், கைதட்டல். அங்கே இருந்த எல்லோருக்கும் கேட்டதுதான் எனக்கும் கேட்டது.