மாஸ்டரின் காதில் பேசுகிறவன்

என் அண்ணியைப் போல ஒரு வாயில்லாப் பூச்சியை நான் பார்த்ததில்லை. எங்கள் ஆயத்த ஆடைக் கம்பெனியில் அவள்தான் கட்டிங் மாஸ்டர். ஆண்கள் மட்டுமே நின்ற மேசையில் போய் நின்று பெயர் வாங்கியவள். எல்லோருக்கும் அவள் ‘மாஸ்டரக்கா’. நான் அதே தளத்தில் செக்கிங். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுவது நான். நிஜமாகவே வெட்டுகிறவளோ நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். தன் இடத்தில் யாராவது சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டால் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வேறு மூலைக்குப் போய்விடுவாள்.

கட்டிங் லேசுப்பட்ட வேலை இல்லை. துணியை அடுக்கடுக்காக விரிப்பதற்கு ‘லே’ போடுவது என்று பெயர். அதன்மேல் காகிதப் பேட்டர்னை வைத்து மெஷின் பிளேடை உள்ளே விட்டால் மொத்த அடுக்கும் ஒரே வெட்டில் துண்டாகும். பிளேடு கொஞ்சம் கோணினாலும் அத்தனை சட்டையும் குப்பை. தையல் தப்பினால் பிரித்துத் தைக்கலாம். இதில் அந்தப் பேச்சே கிடையாது.

அந்த மேசையில்தான் ஒருநாள் அவள் கை நின்றது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிளேடு துணிக்கு ஒரு விரல் தள்ளி இருந்தது. அண்ணி அசையவில்லை. நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். மறுநாளும் அதே கதை. அதற்குப் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. முதலாளி நல்ல மனுஷர்தான், ஆனால் கழுத்தை நெரிக்கிற ஆர்டர். மாதக் கடைசிக்குள் அவள் மேசைக்கு வராவிட்டால் வேறு மாஸ்டரைப் போடுவதைத் தவிர வழியில்லை என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். அந்த மேசை போனால் அவளுக்கு வேறென்ன இருக்கிறது என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் வீட்டுக்குத் தெரியும், வெளியே மூச்சு விட்டதில்லை. அண்ணியின் காதில் ஒருவன் பேசுவான். ஒன்பது வருஷமாக. மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு பயம், சந்தேகம், தூக்கமின்மை எல்லாம் அடங்கின. அவன் மட்டும் அடங்கவில்லை. வீட்டில் முணுமுணுப்பான், கட்டிங் மேசையில் கத்துவான். தண்ணீர் லாரி ஓட்டும் என் அண்ணன் இதற்குக் கண்டுபிடித்திருந்த ஒரே வைத்தியம், காதில் வாங்காதே என்பது. என்னுடைய வைத்தியம், நாலு பேர் எதிரில் அவனுக்குப் பதில் சொல்லித் தொலைக்காதே என்பது. பைத்தியம் என்று பேர் கட்டிவிடுவார்களே என்ற பயம் எனக்கு.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா ஒரு சிகிச்சை சொன்னார். கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. கம்ப்யூட்டரில் அந்த ஆளுக்கு அண்ணியே ஒரு முகம் செய்ய வேண்டுமாம். குரலையும் அவள் காதில் கேட்கிறபடி திருத்திக் கொடுக்க வேண்டுமாம். பிறகு டாக்டரம்மா பக்கத்து அறையில் மைக் முன்னால் உட்கார்ந்து, அந்தக் குரலில், அவன் சொல்வதையே சொல்வாராம். அண்ணி திரையைப் பார்த்துப் பதில் பேச வேண்டும். பேசப் பேச அந்த முகம் அதட்டலைக் குறைத்து மெல்ல இறங்கி வரும். குரலோடு பேச்சுக் கொடுக்காதீர்கள் என்றுதான் முன்பெல்லாம் டாக்டர்கள் பலரும் சொல்லி வந்தோம், எதிர்த்துப் பேசப் பழகினால் சிலருக்கு அதன் பிடி தளர்கிறது என்று இப்போது தெரிகிறது, எல்லோருக்கும் பலிக்கும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன், மாத்திரையையும் விடக் கூடாது என்றார். அவன் திட்டுவது போதாதென்று நீங்களும் சேர்ந்து திட்டப் போகிறீர்களா என்று நான் கேட்டேவிட்டேன். அவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை, அண்ணியைப் பார்த்தார். அண்ணி தலையாட்டினாள்.

முகம் செய்கிற அன்று அவள் உள்ளே, நாங்கள் வெளியே பெஞ்சில். யார் முகம் வந்து நிற்கப் போகிறது? அண்ணன் கழுத்தைத் துடைத்துத் துடைத்தே சிவக்க வைத்துக்கொண்டிருந்தான். என் பாடு இன்னும் மோசம். நாத்தனார் என்றாலே ஜனங்கள் மனதில் ஒரு முகம் உண்டு, என் வாய்க்கு அது கச்சிதமாகப் பொருந்தும்.

கதவு திறந்தது. அண்ணி சம்மதித்ததால் எங்களையும் பார்க்கவிட்டார்கள். திரையில் ஒரு நடுவயது ஆள். வகிடெடுத்த தலை, மூக்குக் கண்ணாடி, மேல் பட்டன் வரை போட்ட சட்டை. யாரென்றே தெரியவில்லை. யார் இது என்று அண்ணன் கேட்டான்.

“யாருமில்ல. அவன்தான்,” என்றாள் அண்ணி.

அண்ணன் பெருமூச்சு விட்டான், நானும் விட்டேன். அவளோ அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு உயிர் போகிறது, எங்களுக்கு எங்கள் மானம் பிழைத்த நிம்மதி. வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

அதன்பிறகு வாராவாரம் போய் வந்தாள். உள்ளே என்ன நடந்தது என்று சொல்லமாட்டாள். திரும்பி வரும்போது முகம் வெளிறிப் போயிருக்கும். வீட்டில் போட்டுக் கேட்பதற்கென்று பேச்சைப் பதிவு செய்து கொடுத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டுகளைக்கூட எடுக்காமல், அவள் போனை எங்கள் நடுவில் வைத்தாள்.

ஒரு ஆண் குரல். கத்தல் இல்லை, நிதானம்.

“நீ தொட்டது எது விளங்கிச்சு? உன் புருஷன் உன்னை வெளிய கூட்டிட்டுப் போகவே கூசறான். உனக்கே தெரியும்ல?”

பிறகு ஒன்றுமில்லை. மூச்சுச் சத்தம் மட்டும். ‘பதில் சொல்லுங்க’ என்று டாக்டரம்மாவின் சொந்தக் குரல். மறுபடியும் அந்த ஆள். மறுபடியும் மூச்சு. அண்ணன் கையை நீட்டிப் போனை நிறுத்தினான். இதை எப்படிக் கேட்டுக்கொண்டு இருப்பது என்றான்.

“நீங்க ரெண்டு நிமிஷம் கேட்டீங்க,” என்றாள் அண்ணி. “காதுல வாங்காதேன்னு எனக்குச் சொல்றீங்க.”

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். அவன் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். நான் போனைத் திரும்ப ஓடவிட்டேன். வெகுநேரம் கழித்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, அண்ணியின் குரல் கேட்டது: “நான் நல்லாத்தான் வெட்டுவேன்.” அவ்வளவுதான். ஒன்பது வருஷத்தில் அவள் யாரையாவது எதிர்த்துச் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

மாதக் கடைசியில் அவள் வேலைக்கு வந்தாள். முதலாளி அறை வாசலில் புது மாஸ்டர் ஏற்கெனவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் நீலத் துணி லே போட்டுத் தயாராக இருந்தது. அண்ணி பேட்டர்னை வைத்தாள், சாக்பீஸால் கோடு போட்டாள், மெஷினைப் போட்டாள். பிளேடு துணிக்கு அருகில் போய் நின்றது.

நின்றேவிட்டது. அவள் உதடு அசைந்தது. பிறகு தளம் முழுக்கக் கேட்கும்படி, “இல்ல. கெடாது,” என்றாள்.

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளி வெளியே வந்து, யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டார். போனில் பேசுகிறாள் சார் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணியே மெஷினை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

“என் காதுல ஒருத்தன் பேசுவான் சார். ரொம்ப வருஷமா. வைத்தியம் பாத்துட்டிருக்கேன். நான் வெட்டினா கெட்டுடும்ங்கிறான். கெடாதுன்னு சொல்லிட்டிருக்கேன்.”

முதலாளி லேயைப் பார்த்தார், நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார்.

“இப்ப என்ன சொல்றான்?” என்று கேட்டார்.

“அதேதான் சொல்றான்.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

“வெட்டப் போறேன்.”

முதலாளி இரண்டடி தள்ளி நின்றார். அண்ணி மெஷினைப் போட்டாள். பிளேடு கழுத்து வளைவில் நுழைந்து, தோளைச் சுற்றி, பக்கவாட்டில் இறங்கியது. அவள் வாய் ஓயவே இல்லை. ‘பேசு, பேசிட்டே இரு’ என்று ஒருமுறை தெளிவாகக் கேட்டது. கடைசித் துண்டு பிரிந்ததும்தான் மெஷினை அணைத்தாள்.

சரிபார்ப்பது என் வேலை. மேல் பீஸை எடுத்தேன், அடி பீஸை உருவினேன், ஒன்றின்மேல் ஒன்றை வைத்தேன். மேசையில் அழுத்திப் பார்த்தேன். கழுத்து, தோள், பக்கம் எல்லாம் ஒரு நூல் பிசகாமல் உட்கார்ந்திருந்தன. முதலாளியைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் அடுத்த லே போடச் சொல்லிவிட்டு, புது மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார். அவ்வளவுதான், என்னால் அடக்க முடியவில்லை. அத்தனை பேர் எதிரில், அந்த நீலத் துணியைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன்.

அண்ணி என் கையிலிருந்து பீஸைப் பிடுங்கினாள்.

“துணி மேல அழாதே,” என்றாள். “கறை பட்டா நீயேதான் ரிஜெக்ட் போடுவே.”